கேரவனில் டிஷ் பொருத்துவது எப்படி: வட ஆற்காட்டுப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. மிஞ்சிய வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றானது. ஆனால் ஏலகிரி, ஜவ்வாது மலை, பாலாற்றங்கரை, சோளிங்கர், வள்ளிமலை என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு இது இன்றும் ஒரே வட்டாரம்தான். சொந்தமாகக் கேரவன் வைத்திருப்பவர்கள், டெம்போ டிராவலரில் படுக்கையும் அடுப்பும் பொருத்திக்கொண்டவர்கள், குலதெய்வக் கோயிலுக்கு வேனில் போய் இரண்டு இரவு தங்குகிறவர்கள் என்று யார் வந்தாலும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றை அவர்கள் கேட்டபடியே கீழே கொடுத்திருக்கிறேன். கோணங்கள் எல்லாம் வேலூர் நகரத்துக்குக் கணக்கிட்டவை.

கேரவனில் டி.வி. பார்க்க என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

60 செ.மீ. டிஷ், அதற்குரிய எல்.என்.பி. (டிஷ்ஷின் கை நுனியில் இருந்து சிக்னலைப் பிடிக்கும் சிறு கருவி), செட்டாப் பாக்ஸ், பத்துப் பதினைந்து மீட்டர் ஆர்.ஜி.-6 கேபிள், அதன் இரு முனைக்கும் எஃப் கனெக்டர், மடக்கி வைக்கக்கூடிய முக்காலி ஸ்டாண்டு. இவற்றோடு ஒரு ஸ்பேனர், ஒரு திசைகாட்டி, ஒரு மார்க்கர் பேனா, கொத்தனார்கள் பயன்படுத்தும் சிறிய ரசமட்டம். இந்தப் பட்டியலிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று ரசமட்டம். வாங்காமல் விடக்கூடாததும் அதுதான். காரணம் பின்னால் வரும்.

டிஷ்ஷின் அளவில் பேரம் பேசாதீர்கள். இடம் மிச்சமாகும் என்று 45 செ.மீ. டிஷ் வாங்குகிறவர்கள், மழைத் தூறல் விழுந்தாலே படம் உடைகிறது என்று பிறகு வருத்தப்படுகிறார்கள். 90 செ.மீ. டிஷ் நம் பகுதிக்குத் தேவையில்லை, காற்றில் பிடித்து நிறுத்துவதும் கடினம். ஸ்டாண்டு வாங்கும்போது அதன் நடுக்குழாயின் தடிமன் உங்கள் டிஷ்ஷின் பிடிக்குச் சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே பொருத்திப் பாருங்கள். குழாய் ஒல்லியாக இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் டிஷ் மெல்லச் சுழன்றுவிடும்.

செல்போனிலேயே எல்லாம் வருகிறதே, டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா?

நெடுஞ்சாலை ஓரத்திலும் ஏலகிரியின் அத்தனாவூரிலும் தங்குவதானால் வேண்டியதில்லை. ஜவ்வாது மலைக்குள், ஜமுனாமரத்தூரைத் தாண்டிச் சில வளைவுகள் போய்ப் பாருங்கள். போனில் பேச்சு கேட்பதற்கே வண்டியை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டிய இடங்கள் அங்கே உண்டு. செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கு டவரும் தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னலுக்கு வேலூர் கோட்டையும் ஜவ்வாது மலையின் கடைசிக் குக்கிராமமும் ஒன்றுதான். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே திரையில் கிரிக்கெட் பார்க்க வேண்டுமென்றால் டிஷ்ஷை எடுத்துப் போவதில் அர்த்தமிருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அமிர்தியிலும் ஜவ்வாது மலையிலும் காப்புக்காடு அதிகம். வனத்துறை அனுமதியில்லாமல் இரவு தங்காதீர்கள். காவலூர் பக்கம் தங்கினால் வண்டியின் வெளிவிளக்குகளை அணைத்துவிடுங்கள். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகம் இருட்டை நம்பித்தான் இயங்குகிறது.

வீட்டில் இருக்கும் பெட்டியையே எடுத்துக்கொண்டு போகலாமா? மாதச் சந்தா இல்லாமல் பார்க்க வழி உண்டா?

பெட்டியையும் கார்டையும் எடுத்துப் போனால் போதும். கூரையில் இருக்கும் டிஷ்ஷைக் கழற்றாதீர்கள், பயணத்துக்கென்று வேறொரு டிஷ் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு டி.டி.எச். சேவைகளின் வீச்சு நாடு முழுவதும் இருப்பதால் எங்கே போனாலும் பெட்டி வேலை செய்யும். ஆனால் சந்தா ஒரு முகவரிக்குப் பதிவானது. நீண்ட நாள் வெளியூர் போவதானால் உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. கிளம்பும் முன்பே ரீசார்ஜ் செய்துவிடுங்கள். சிக்னல் இல்லாமல் பல நாள் கிடந்த பெட்டி, மீண்டும் சிக்னல் கிடைத்தபின் அனுமதித் தகவலைப் பெறச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை அணைக்காமல் விட்டுவையுங்கள்.

சந்தா வேண்டாம் என்றால் தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவை இது. பெட்டியும் டிஷ்ஷும் வாங்கும் செலவோடு முடிந்துவிடும். டிடி தமிழ், அதாவது 2024 ஜனவரி வரை பொதிகை என்றிருந்த அலைவரிசை, இதில் கிடைக்கும். செய்திகளுக்கும் பழைய பாடல்களுக்கும் இது போதும் என்பது என் கருத்து. வீட்டில் வழக்கமாகப் பார்க்கும் தனியார் தமிழ்த் தொடர்கள்தான் வேண்டுமென்றால் கட்டணச் சேவைக்குத்தான் போக வேண்டும்.

வேலூரில் நின்றால் டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

எந்தச் சேவை என்பதைப் பொறுத்தது. ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக. அதற்கு வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் 131 டிகிரி திசை, அடிவானத்திலிருந்து மேல்நோக்கி 67 டிகிரி உயரம். சன் டைரக்ட்டுக்கு 91.5 டிகிரி கிழக்கில் உள்ள மீசாட்: திசை 136, உயரம் 69. டாடா பிளேக்கு 83 டிகிரி கிழக்கு: திசை 163, உயரம் 74. டி2எச் 88 டிகிரி கிழக்கு: திசை 145, உயரம் 72 அளவில். டிஷ் டி.வி. 95 டிகிரி கிழக்கு: திசை 128, உயரம் 66. ஏர்டெல் 108.2 டிகிரி கிழக்கு: திசை 112, உயரம் 53.

எண்கள் நினைவில் நிற்காதவர்கள் இப்படி வைத்துக்கொள்ளலாம். ஃப்ரீ டிஷ், சன் டைரக்ட், டிஷ் டி.வி., டி2எச் நான்கும் அக்கினி மூலையை ஒட்டியே இருக்கின்றன. டாடா பிளே தெற்கிலிருந்து சற்றே கிழக்கே. ஏர்டெல் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே, மற்றவற்றைவிடத் தாழ்ந்து. நிறுவனங்கள் செயற்கைக்கோளை மாற்றுவதும் உண்டு. 2010 ஜூலையில் இன்சாட்-4பி-யில் மின்வழங்கல் பழுதானபோது சன் டைரக்ட் மீசாட்டுக்கு மாறியது. அதனால் ஐயம் வந்தால், தங்கும் ஊரில் அதே சேவை வைத்திருக்கும் ஒரு வீட்டுக் கூரையைப் பாருங்கள். அங்கே டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே பக்கம்தான் உங்களுக்கும்.

திசைகாட்டியைக் கேரவனின் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். வண்டியின் இரும்பு முள்ளை இழுக்கும். நாலைந்து மீட்டர் தள்ளி நின்று திசை பாருங்கள். தூரத்தில் ஒரு மரத்தையோ பாறையையோ அடையாளம் வைத்துக்கொண்டு டிஷ்ஷை அதற்கு நேராகத் திருப்புங்கள். செல்போன் திசைகாட்டிக்கும் இதே எச்சரிக்கை. நம் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

ஏலகிரியிலும் அமிர்தியிலும் சுற்றிலும் மலை. சிக்னல் எப்படி வரும்?

தாராளமாக வரும். 67 டிகிரி என்பது ஏறக்குறைய தலைக்கு மேலே. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. உச்சந்தலைக்கு நேர் மேலிருந்து அக்கினி மூலை நோக்கி இரண்டு முஷ்டியும் கொஞ்சமும் இறங்கினால் அங்கேதான் ஜிசாட்-15 இருக்கிறது. அந்த உயரத்தை மறைக்க வேண்டுமென்றால், நீங்கள் செங்குத்தான பாறையின் அடியிலேயே வண்டியை ஒட்டி நிறுத்தியிருக்க வேண்டும். வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகள் தெருவிலிருந்து பார்த்தால் அந்த உயரத்துக்கு எட்டாது. மேலை நாட்டுக் கேரவன் கையேடுகளில் தொலைவில் உள்ள மரவரிசையைப் பற்றி நிறையப் பயமுறுத்தியிருப்பார்கள். அங்கே செயற்கைக்கோள் அடிவானத்துக்கு மிக அருகில் தெரியும். நம்முடைய நிலைமை வேறு.

நமக்கு எதிரி தலைக்கு மேல் கவியும் மரம். வெயிலுக்குப் பயந்து எல்லோரும் முதலில் தேடுவது புளியமரத்தடியைத்தான். வண்டி நிழலில் நிற்கட்டும், டிஷ் வெயிலில் நிற்கட்டும். பதினைந்து மீட்டர் கேபிள் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரு மரம் எவ்வளவு உயரமோ அதில் பாதித் தூரம் தள்ளி டிஷ்ஷை வைத்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். 15 மீட்டர் தென்னை என்றால் ஏழெட்டு மீட்டர். ஏர்டெல்லுக்கு மட்டும், உயரம் குறைவு என்பதால், முக்கால் பங்குத் தூரமாவது வேண்டும். இலைகளின் நடுவே வானம் தெரிகிறதே என்று சமாதானப்படாதீர்கள். இலையில் உள்ள ஈரமே சிக்னலைக் குடித்துவிடும். காற்றடித்தால் படம் வந்து வந்து போகும்.

டிஷ் வானத்தைப் பார்க்காமல் எதிர்மலையைப் பார்க்கிறதே, 67 டிகிரி என்கிறீர்களே?

நம் டி.டி.எச். டிஷ்கள் எல்லாம் ஆஃப்செட் வகை. சிக்னலைப் பிடிக்கும் எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே ஒரு கையின் நுனியில் இருக்கும். அதனால் டிஷ்ஷின் முகம், உண்மையில் அது பார்க்கும் உயரத்தைவிட 20 முதல் 26 டிகிரி வரை தாழ்ந்து தெரியும். செயற்கைக்கோள் 67 டிகிரியில் இருக்கும்போது முகம் நாற்பத்து சொச்சம் டிகிரியில்தான் நிற்கும். கண்ணால் பார்த்து வானத்துக்கு நேராகத் தூக்கினால் சிக்னல் போய்விடும். பின்பக்கப் பிடியில் அச்சிட்ட அளவுகோலில் இந்த வேறுபாடு பொதுவாகக் கழிக்கப்பட்டிருக்கும். அதில் 67-ஐ வைத்தால் போதும்.

ஒவ்வொரு ஊரிலும் சிக்னல் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. விரைவாகப் பிடிப்பது எப்படி?

என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி இதுதான். விடையும் பெரும்பாலும் ஒன்றுதான்: முக்காலியின் நடுக்குழாய் செங்குத்தாக இல்லை. குழாய் 3 டிகிரி சாய்ந்திருந்தால், டிஷ்ஷை இடம் வலமாகத் திருப்பும்போது அதன் உயரக் கோணமும் கூடவே மாறிக்கொண்டிருக்கும். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலமே மொத்தம் 3 டிகிரி அளவுதான். திசை சரியாக வரும் நேரத்தில் உயரம் தவறியிருக்கும். பிறகு உயரத்தை மாற்றுவோம், திசை தவறும். இப்படியே இருட்டிவிடும்.

ஆகவே வரிசை இதுதான். முதலில் ரசமட்டத்தைக் குழாயின் மேல் இரண்டு பக்கங்களில், ஒன்றுக்கொன்று குறுக்காக, வைத்துப் பார்த்துக் குழாயை நேராக்குங்கள். தரை சரிவாக இருந்தால் காலுக்கடியில் கல்லோ பலகையோ கொடுங்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டாகத் தொங்கவிட்டாலும் சரிதான். இந்த வேலைக்கு அவசரப்படாதீர்கள். அடுத்து உயரக் கோணத்தை அளவுகோலில் வைத்து அந்த நட்டை இறுக்கிவிடுங்கள். இனி அதைத் தொட வேண்டாம். மூன்றாவதாக எல்.என்.பி.யின் திருப்பம்.

இந்தத் திருப்பத்தைப் பலரும் கவனிப்பதில்லை. சிக்னல் நெடுக்கை, கிடை என இரு வகையாக வருகிறது. நாம் செயற்கைக்கோளுக்கு மேற்கே இருப்பதால் அது நமக்குச் சாய்ந்து வந்து சேரும். வேலூரிலிருந்து 93.5-க்கு அந்தச் சாய்வு சுமார் 47 டிகிரி, 83-க்கு 16 டிகிரி. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் ஊர்களில்தான் இது இவ்வளவு பெரிதாக இருக்கும். டிஷ்ஷின் பின்னால் நின்று வானத்தைப் பார்க்கும்போது இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். வீட்டில் ஒருமுறை நன்றாகப் பொருத்திக்கொண்டு, எல்.என்.பி.யின் கழுத்திலும் பிடியிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். வட ஆற்காடு முழுவதற்கும் அந்தக் கோடு செல்லும்.

கடைசியாகத்தான் திருப்புவது. திசைகாட்டி சொல்லும் இடத்துக்குச் சற்று முன்னாலிருந்து தொடங்கி, டிஷ்ஷை ஒரு விரல் அகலம் நகர்த்துங்கள். நகர்த்திவிட்டு மூன்று நான்கு விநாடி காத்திருங்கள். பெட்டி சிக்னலை அடையாளம் காண அவ்வளவு நேரம் வேண்டும். வேகமாகச் சுழற்றுகிறவர்கள் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். ஒருவர் டிஷ்ஷிலும் ஒருவர் திரைக்கு முன்னாலும் இருந்தால் வேலை எளிது. தனியாக இருந்தால் டி.வி.யை வாசலை நோக்கித் திருப்பி வையுங்கள்.

சிக்னல் ஸ்ட்ரெங்த் 80 காட்டுகிறது சார், படம் மட்டும் இல்லை. பெட்டி கெட்டுவிட்டதா?

பெட்டியில் கோளாறு இருக்காது. திரையில் இரண்டு அளவுகள் இருக்கும். ஸ்ட்ரெங்த் என்பது கேபிள் வழியே ஏதோ ஓர் அலை வருகிறது என்பதை மட்டும் சொல்கிறது. எல்.என்.பி. இணைந்திருந்தாலே அது ஓரளவு ஏறி நிற்கும். குவாலிட்டி என்பதுதான் நீங்கள் தேடும் ஒளிபரப்பு வருகிறதா என்பதைச் சொல்லும். ஸ்ட்ரெங்த் நிறைய, குவாலிட்டி பூஜ்யம் என்றால் பெரும்பாலும் பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்திருக்கிறீர்கள்.

மேலே கொடுத்த எண்களை மறுபடி பாருங்கள். 91.5, 93.5, 95 மூன்றும் அக்கினி மூலையில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. முதல் இரண்டுக்கும் இடையே திசையில் 5 டிகிரிக்குள், உயரத்தில் 2 டிகிரிக்குள்தான் வேறுபாடு. ஊசி ஆடி ஒலியெழுப்பும் மலிவான சிக்னல் மீட்டருக்கு இவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அது கத்தும் இடத்தில் நிறுத்திக்கொண்டு, பெட்டியின் குவாலிட்டி எண்ணைப் பார்த்தபடி இரு பக்கமும் மெல்ல நகர்த்திப் பாருங்கள். இரண்டுமே பூஜ்யமாக இருந்தால் டிஷ்ஷை விட்டுவிட்டுக் கேபிளைப் பாருங்கள். எஃப் கனெக்டருக்குள் வெளிப்பின்னலின் ஒரு மெல்லிய கம்பி நடுக்கம்பியைத் தொட்டாலே போதும், எல்லாம் நின்றுவிடும். கனெக்டரைக் கழற்றி மாட்டும்போது பெட்டியின் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள்.

சில சேனல் பளிச்சென்று வருகிறது, சிலது வரவே இல்லை. ஏன்?

பெட்டி கேபிள் வழியாக எல்.என்.பி.க்கு 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. 13 என்றால் நெடுக்கை வகைச் சிக்னல், 18 என்றால் கிடை வகை. வண்டியின் பேட்டரி இறங்கியிருந்தாலோ அடாப்டர் பலவீனமாக இருந்தாலோ கேபிள் மட்டமானதாக இருந்தாலோ அந்த 18 வோல்ட் போய்ச் சேராது. அப்போது கிடை வகையில் வரும் சேனல்கள் மட்டும் மொத்தமாகக் காணாமல் போகும். அடாப்டரை மாற்றிப் பாருங்கள், கேபிளைச் சுருக்கிப் பாருங்கள். மின்சாரம் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் எல்.என்.பி. திருப்பம். மார்க்கர் கோட்டைச் சரிபாருங்கள்.

பாறையில் முளை அடிக்க முடியவில்லை, மணலில் கால் புதைகிறது. ஸ்டாண்டை எப்படி நிறுத்துவது?

வேலூர்க் குன்றுகள் கற்பாறை. அங்கே முளை என்ற பேச்சே வேண்டாம். முக்காலியின் நடுவில் ஒரு கொக்கி மாட்டி, 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிடுங்கள். இருபது கிலோ எடை ஸ்டாண்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும். கேன் எப்படியும் வண்டியில் இருக்கும். பாலாற்று மணலில் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு சதுரப் பலகைத் துண்டு வையுங்கள், அதன்பின் மட்டம் பாருங்கள். இரவில் மணல் சற்று இறங்கும் என்பதால் காலையில் இன்னொரு முறை ரசமட்டம் வைக்க வேண்டியிருக்கும். ஆடிக் காற்று நாட்களில் ஒரு கேன் போதாது. டிஷ்ஷை வண்டியின் காற்று மறைவில் வையுங்கள், ஆளில்லாத நேரத்தில் மடக்கிவிடுங்கள்.

சோளிங்கர், ஏலகிரிப் பக்கம் போகிறவர்களுக்குக் குரங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொங்கும் கேபிளைக் கண்டால் அவை விடாது. கேபிளைத் தரையோடு படிய விட்டு, மேலே கல் வைத்து, ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே கொண்டுபோங்கள். டிஷ்ஷின் அருகில் தின்பண்டம் வேண்டவே வேண்டாம்.

தம்பி, வண்டி ஓடும்போதே சீரியல் பார்க்க முடியாதா?

இந்த டிஷ்ஷால் முடியாது அம்மா. 3 டிகிரிப் பார்வையுள்ள ஒன்றை, குலுங்கித் திரும்பும் வண்டியில் வைத்துச் செயற்கைக்கோளை விடாமல் பார்க்கச் செய்ய, தானாகத் திரும்பும் விலையுயர்ந்த ஆன்டெனா வேண்டும். கப்பல்களில் இருப்பது அதுதான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அதற்கும் சிரமம்தான். பார்க்க வேண்டியதை முன்பே பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். திரை எங்கே இருந்தாலும் ஓட்டுநர் கண்ணில் படக்கூடாது.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

24 அங்குல எல்.இ.டி. டி.வி. 30 வாட் அளவில் எடுக்கும். பெட்டியும் எல்.என்.பி.யும் சேர்ந்து 15 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 45 வாட், 12 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர். மூன்று மணி நேரம் பார்த்தால் 12 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதால், டி.வி. மட்டும் என்றால் 12 மணி நேரம் கிடைக்கும். மின்விசிறியும் அதே பேட்டரி என்றால் கணக்கு வேகமாகக் குறையும். வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் ஒருபோதும் இணைக்காதீர்கள். காட்டுக்குள் காலையில் வண்டி கிளம்பாமல் நிற்பதைவிட ஓர் இரவு டி.வி. இல்லாமல் இருக்கலாம்.

12 வோல்ட் அடாப்டரில் இயங்கும் பெட்டியானால் இன்வெர்ட்டர் இல்லாமலே இணைக்கலாம். இன்வெர்ட்டரில் வீணாகும் மின்சாரம் மிச்சம். ஆனால் இன்ஜின் ஓடும்போது வண்டி மின்சாரம் 14 வோல்ட்டைத் தாண்டும். இடையில் 12 வோல்ட்டை நிலையாகத் தரும் சிறிய கன்வெர்ட்டர் வையுங்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் மூடிய வண்டிக்குள் பெட்டியை விட்டுப் போனால், வந்ததும் ஜன்னலைத் திறந்து சூடு ஆறிய பிறகு போடுங்கள்.

மழை பெய்தால் படம் போகிறதே, பெரிய டிஷ் வாங்கட்டுமா?

டி.டி.எச். சிக்னல் வரும் கே.யு. அலைவரிசைக்கு மழை ஆகாது. கனத்த மேகத்திலும் பெருமழையிலும் வீட்டு டிஷ்ஷுக்கே படம் போகும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்தால் திரும்பி வந்துவிடும். தூறலுக்கே போகிறது என்றால், குவாலிட்டி எண் முன்பிருந்தே விளிம்பில் இருந்திருக்கிறது. படம் வந்துவிட்டது என்று நிறுத்தாமல், எண் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏறும் வரை நுணுக்கமாகத் திருப்பி இறுக்குவதுதான் மருந்து. கனெக்டருக்குள் தண்ணீர் புகாமல் டேப் சுற்றுங்கள். டிஷ்ஷின் மேல் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு பார்க்க நினைக்காதீர்கள், நனைந்த தார்ப்பாய் சிக்னலை விடாது.

இடி கேட்டால் பேச்சே இல்லை. கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். திறந்த பாறையில் நிற்கும் இரும்புக் கம்பத்தைத் தொட மழையில் இறங்காதீர்கள். ஐப்பசி மாலைகளில், வானம் கறுக்கும்போதே ஸ்டாண்டைப் படுக்கவைத்துவிடுவது என் வழக்கம்.

மார்ச்சில் மழையும் இல்லை, காற்றும் இல்லை. காலை 11 மணிக்கு மட்டும் படம் போய்விட்டது. என்ன காரணம்?

சூரியன். ஆண்டுக்கு இரு முறை, நம் பகுதியில் மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. அதன் இரைச்சல் சிக்னலை மூழ்கடித்துவிடும். சில நாட்கள், ஒவ்வொரு நாளும் சில நிமிடங்கள் இது நடக்கும். 93.5-க்கு 11 மணியை ஒட்டி, ஏர்டெல்லுக்கு 10 மணியை ஒட்டி, டாடா பிளேக்கு 12 மணியை ஒட்டி. டிஷ்ஷைத் தொடாமல் காத்திருங்கள். அந்த நிமிடங்களில் டிஷ்ஷின் மேல் மரநிழல் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். விழுந்தால் அந்தக் கிளை செயற்கைக்கோளையும் மறைக்கிறது என்று பொருள்.

ஸ்டாண்டு வேண்டாம், கூரையிலேயே நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் என்ன?

வண்டி நிழலிலும் டிஷ் வெயிலிலும் நிற்க வேண்டும் என்று மேலே சொன்னேன். கூரையில் பொருத்தினால் அந்தச் சுதந்திரம் போய்விடும். வண்டியின் மட்டமே டிஷ்ஷின் மட்டமாகிவிடும். உள்ளே ஆள் நடந்தால் கூரை ஆடும், குவாலிட்டி எண்ணும் ஆடும். ஜாக்கி கொடுத்து வண்டியை நிறுத்தினால்தான் அது அடங்கும். மலைப்பாதையில் தாழ்ந்த கிளைகளும் இருக்கின்றன. தவிர, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியை விருப்பம்போல் மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கூரையைத் துளைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் தானியங்கிக் குமிழ் ஆன்டெனாக்களை வாங்குவதானால், நம் செயற்கைக்கோள்கள் அதன் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். குமிழுக்குள் இருக்கும் டிஷ் சிறியது, மழையில் அது முதலில் கைவிடும்.

வேலூரில் வைத்த கோணத்தோடு கன்னியாகுமரிக்குப் போனேன், உயரம் சரியாக இருந்தும் படம் வரவில்லை. எங்கே தவறு?

வட ஆற்காட்டுக்குள் கோணங்கள் பெரிதாக மாறுவதில்லை. திருவண்ணாமலைக்கோ திருப்பத்தூருக்கோ போனால் 93.5-க்கான உயரத்தில் அரை டிகிரி, திசையில் இரண்டு டிகிரி அளவுதான் வேறுபாடு. கன்னியாகுமரியிலும் உயரம் 67-லிருந்து 69 டிகிரிக்குத்தான் மாறுகிறது, ஏமாற்றுவது அதுவே. திசை 131-லிருந்து 116-க்குப் போய்விடுகிறது. எல்.என்.பி.யின் திருப்பம் 47-லிருந்து 63 டிகிரி ஆகிறது. அதாவது மார்க்கரில் போட்ட கோடு அங்கே செல்லாது. தெற்கே போகப் போக டிஷ்ஷைக் கிழக்கு நோக்கித் திருப்புங்கள், எல்.என்.பி.யை இன்னும் கொஞ்சம் சுழற்றுங்கள். நாகர்கோவிலில் படம் கிடைத்ததும் பழைய கோட்டுக்குப் பக்கத்தில் வேறு நிறத்தில் இன்னொரு கோடு போட்டு, ஊரின் பெயரையும் எழுதிவிடுங்கள். திரும்பி வரும்போது பழைய கோட்டை அழித்துவிட்டோமே என்று தேட வேண்டியிருக்காது.